அட்டை மூடிய கிளாஸ்கள்

ரெஜீனா ஜர்கோனிஸ் தன் பாரின் ஜன்னலுக்குத் திரை போட்டதே இல்லை. போட்டிருந்தால் அவள் வயிற்றெரிச்சல் பாதி குறைந்திருக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால், ஹோசி. ஊர்த் தீயணைப்புச் சங்கத்தின் கட்டடத்தை எங்கள் ஊரான லோகஸ்ட் ரன்னில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். முன்பக்கம் தண்ணீர் வண்டி நிற்கும். ஒரு ஓரமாக, தெருவைப் பார்த்த கதவோடு, உறுப்பினர்களுக்கென்று ஒரு பார். அந்த பாரை நடத்தியவள் வெர்னா. வெர்னா வேறு யாருமில்லை, ரெஜீனாவின் கூடப்பிறந்த தங்கை.

ரெஜீனாவின் கை பீர் ஊற்றிக்கொண்டிருக்கும், கண் ஹோசி வாசலில் வந்து நிற்கிற கார்களை எண்ணிக்கொண்டிருக்கும். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான். யார் யாருடைய கார் எத்தனை மணிக்கு வந்தது, யார் மனைவியோடு வந்தான், யார் தனியாக வந்தான் என்று அவளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். தன் கடையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால்தான் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கும்.

அவர்கள் வீட்டில் அம்மா பக்கத்து ஆட்கள் எல்லோரும் சிரிக்கிறவர்கள். அம்மாவின் தங்கை பிளான்ச் சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள். அப்பா பக்கத்து ஆட்கள் எல்லோரும் முறைக்கிறவர்கள். வெர்னா அம்மா பக்கத்தை உரித்துக்கொண்டு பிறந்தாள். ரெஜீனா அப்பா பக்கம். அது அவள் தப்பா?

அப்பா ஆன்டனி நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு, கையில் வந்த பணத்தில் அந்த பாரை வாங்கினார். அந்தக் காலத்தில் எங்கள் மலைப்பக்கத்து பார் ஒவ்வொன்றிலும் கவுன்ட்டருக்கு அடியில் ஒரு ஓட்டைப் பலகை இருக்கும். காசு கொடுத்துவிட்டு, ஒரு குச்சியால் ஓட்டையைக் குத்தினால் சுருட்டிய காகிதம் வெளியே விழும். பிரித்தால் அதிர்ஷ்டம் இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. சட்டப்படி குற்றம். ஆனால் போலீஸ்காரனுடைய மாமனாரே வந்து குத்துவார்.

வெர்னாவுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். அப்பா அவளைத் தூக்கிக் கவுன்ட்டர்மேல் உட்கார வைப்பார். சுரங்கத்திலிருந்து வருகிறவர்கள் குச்சியை அவள் கையில் கொடுத்து, "எங்க, நீ குத்து கண்ணு, உன் கை ராசியான கை" என்பார்கள். அவள் குத்துவாள், காகிதம் விழும், ஒன்றுமில்லாவிட்டாலும் சிரிப்பார்கள். ரெஜீனாவுக்குப் பத்து வயது. அவளை ஜன்னலோரம் நிறுத்தியிருந்தார் அப்பா. போலீஸ் வண்டி வந்தால் கத்தவேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒரு சனிக்கிழமை மாநிலப் போலீஸ் வந்தது. ரெஜீனா கத்தவில்லை. ஏனென்றால் அவள் வெளியே பார்க்கவில்லை. கவுன்ட்டர்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையைத் தெருவில் போட்டுக் கோடாலியால் பிளந்தார்கள். அப்பாவுக்கு அபராதம் விழுந்தது. அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து ரெஜீனாவைக் கிளாஸ் கழுவுகிற தொட்டிக்கு மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கண் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அப்போது பார்க்காததற்கெல்லாம் சேர்த்து ஆயுள் முழுக்கப் பார்த்தாள்.

பிறகு காலம் மாறியது. அரசாங்கமே சட்டம் போட்டது. தீயணைப்புச் சங்கம், பழைய ராணுவக்காரர் சங்கம், கோவில் சபை, இவர்களெல்லாம் சின்னச் சின்னக் குலுக்கல் நடத்திக்கொள்ளலாம், லாபத்தில் பெரும்பங்கு ஊர் நன்மைக்குப் போகவேண்டும் என்று. பார்காரன் மட்டும் கூடாது. அப்பா போய்ச் சேர்ந்த வருஷம் அது. பார் ரெஜீனா பேருக்கு வந்தது. வெர்னா தண்ணீர் வண்டி ஓட்டுகிற ரே போலன்ஸ்கியைக் கட்டியிருந்தாள். ஹோசி பாருக்கு ஆள் தேவைப்பட்டபோது ரே தன் பெண்டாட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். அப்பாவின் ஈமச் சாப்பாடு ஹோசி ஹாலில்தான் நடந்தது. அன்றைக்குத் தெருவைத் தாண்டி வந்த ரெஜீனா, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் தாண்டவே இல்லை.

ஹோசியில் பிரித்துப் பார்க்கிற பரிசுச் சீட்டு விற்பனையும் தினக் குலுக்கலும் ஆரம்பித்தன. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு எண்ணை எடுப்பார்கள். அந்த எண்காரன் அன்றைக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டிருந்தால் பணம் அவனுக்கு. போடவில்லையென்றால் பணம் மறுநாளைக்குச் சேர்ந்துகொள்ளும். சேரச் சேர ஊருக்கே காய்ச்சல் வந்துவிடும். ரெஜீனா கடையில் உட்கார்ந்திருப்பவன் ஐந்தே முக்காலுக்கு நெளிய ஆரம்பிப்பான்.

"ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன் ரெஜீனா. கிளாஸை எடுத்துடாத."

பாதி குடித்த கிளாஸின்மேல், அடியில் வைக்கிற பீர் அட்டையை எடுத்து மூடி வைத்துவிட்டுப் போவான். அட்டை மூடிய கிளாஸை யாரும் தொடக்கூடாது, ஆள் திரும்பி வருவான் என்று அர்த்தம். அது அப்பா காலத்து மரியாதை. ரெஜீனாவும் தொடமாட்டாள். ஆறரை ஆகும், ஏழாகும். கவுன்ட்டர் நெடுக அட்டை மூடிய கிளாஸ்கள் தலையில் தொப்பி போட்ட ஆட்கள் மாதிரி வரிசையாக நின்றுகொண்டிருக்கும். உள்ளே நுரை செத்துப்போயிருக்கும். தெருவுக்கு அந்தப் பக்கம் வெர்னாவின் சிரிப்பு கதவு திறக்கும்போதெல்லாம் கேட்கும்.

கடையில் மிச்சம் இருப்பது ஸ்டஷ் ஒருவன்தான். பழைய சுரங்கக்காரன், ரெஜீனாவின் புருஷன் இருந்த காலத்தில் அவனுக்குக் கூட்டாளி. ஹோசியில் யாரையோ அடித்ததால் அவனை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே ரெஜீனாவுக்கு அவன்மேல் பிரியம்.

"அவகிட்ட அப்படி என்னதான்யா இருக்கு?" என்பாள் ரெஜீனா.

"சீட்டு இருக்கு."

"அதான். சீட்டு இருக்கு. சட்டம் அவளுக்கு வழி விட்டுருக்கு, எனக்கு விடல. எனக்கும் அதே சீட்டக் குடுத்துப் பாரு, ஒரே வாரத்துல அந்த ஹோசி காத்து வாங்கும்."

"வாங்கும், வாங்கும். இன்னொரு பீர் ஊத்து."

இந்தப் பேச்சை அவள் எத்தனை வருஷம் பேசினாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கு அது பேச்சு இல்லை, ஊன்றுகோல். அதை நம்பித்தான் நிமிர்ந்து நின்றாள்.

அப்படியிருக்கும்போது, யாரும் எதிர்பாராமல், சட்டம் மறுபடி மாறியது. பார்காரனும் உரிமம் வாங்கி நடத்தலாம். நூறு டாலர் லாபம் வந்தால் அறுபது மாநிலத்துக்கு, ஐந்து ஊருக்கு, மிச்சம்தான் கடைக்கு. எங்கள் பக்கத்து பார்காரர்கள் பலர் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

ஸ்டஷ் சொன்னான்: "நீ நின்னு விப்ப, சர்க்கார்காரன் உக்காந்து திம்பான். இதுக்குக் கட்டணம் வேற கட்டணுமாம். வேணாம் ரெஜீனா."

"அறுபது இல்ல, தொண்ணூறு எடுத்துக்கட்டும்."

"அப்புறம் உனக்கு என்ன மிச்சம்?"

ரெஜீனா ஜன்னலைப் பார்த்தாள். ஸ்டஷுக்குப் புரிந்துவிட்டது.

உரிமத்துக்குக் கைரேகை கொடுக்கவேண்டும். போனாள். அங்கே இருந்த பையன் அவள் விரலைக் கண்ணாடிமேல் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். ரேகை விழவே இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் எலுமிச்சை அறுத்து, சோப்புத் தண்ணீரில் கிளாஸ் கழுவிய விரல். தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

"என்னம்மா, பேங்க்ல கொள்ளையடிக்கப் போறீங்களா?" என்று பையன் கேட்டான்.

"கொள்ளை அடிக்கிறது எதிர்க்கடைக்காரி" என்றாள் ரெஜீனா. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு வாரம் கிளாஸ் கழுவாமல், ராத்திரி கையில் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டு படுத்து, மறுபடி போனாள். ஏதோ விழுந்தது. உரிமம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து தெரிகிற மாதிரி மாட்டினாள். கண்ணாடிப் பெட்டியில் பிரித்துப் பார்க்கிற சீட்டுகளை நிரப்பினாள். கடைக்காரி தன் கடையில் சீட்டு வாங்கக்கூடாது என்பது விதி. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அவள் ஆடவா உரிமம் வாங்கினாள்?

முதல் வாரம் புதுசு பார்க்க வந்தார்கள். இரண்டாவது வாரம் பாதி. மூன்றாவது வாரம் ஐந்தே முக்காலுக்குப் பழையபடி அட்டையை எடுத்துக் கிளாஸை மூடினார்கள்.

"இங்கயே சீட்டு இருக்கேடா!" என்றாள் ரெஜீனா. எத்தனை அடக்கியும் குரல் உயர்ந்துவிட்டது.

"இருக்கு ரெஜீனா... ஆனா அங்க வெர்னா இருக்கா இல்ல?" என்று ஒருவன் சொல்லிவிட்டான். நல்ல பையன், யோசிக்காமல் சொல்கிறவன். சொன்ன பிறகு அவனுக்கே முகம் தொங்கிவிட்டது. கிளாஸை மூடாமலே போய்விட்டான்.

அன்றைக்கு அவள் வயிற்றில் விழுந்தது வேறு நெருப்பு. இத்தனை வருஷம் சட்டத்தைத் திட்டினாள். இப்போது சட்டம் ஒதுங்கிக்கொண்டது. எதிரே வெர்னா மட்டும் நின்றாள். பாருக்கு வருகிற வரவும் மோசமாகத்தான் இருந்தது. ஈஸ்டர்வரை தாக்குப்பிடிக்குமா என்று சந்தேகம். ஆனால் ரெஜீனாவைப் படுக்கவிடாமல் செய்தது அந்தக் கணக்கு இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஹோசி வாசல் காலியாகித் தன் கடை நிரம்பவேண்டும். அப்படி நிரம்பிவிட்டு மறுநாள் கடை மூடினாலும் சரி.

அதற்காகத்தான் பெரிய குலுக்கல் ஒன்று வைத்தாள். தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பரிசு அரைப் பன்றியும், அதை வைக்க ஒரு குளிர்பெட்டியும். சீட்டு வாங்குகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு அடை இலவசம். பாரில் நடக்கிற குலுக்கல் ஏதாவது ஒரு நல்ல காரியத்தின் பேரில் நடக்கவேண்டும் என்பது விதி. எந்தக் காரியம் என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அச்சுக்கூடத்தில் சொன்னாள்: "புனித காசிமிர் கோவில் கூரைக்குன்னு போடு."

இங்கேதான் வந்தது வினை. காசிமிர் கோவிலை மேற்றிராணியார் ஆறு வருஷம் முன்பே மூடிவிட்டார். ஊரிலிருந்த ஐந்து கோவிலையும் சேர்த்து ஒன்றாக்கி அதற்கு ஏதோ ஒரு புதுப் பெயரும் வைத்தார். ஆனால் லோகஸ்ட் ரன்னில் யாரைக் கேட்டாலும், "நாங்க காசிமிர்" என்பார்கள். புதுக் கோவிலின் பெயர் பலருக்கு வாயில் வராது. ஊரே சீட்டு வாங்கியது. ஒருவர்கூட, "கோவில்தான் இல்லையே" என்று கேட்கவில்லை. சேர்த்த கோவிலுக்கு வந்த ஃபாதர் டோனலியே மூன்று சீட்டு வாங்கிக்கொண்டு, "நல்ல காரியம்" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

வெர்னாவும் வந்தாள். புதன்கிழமை காலை, ஹோசி திறப்பதற்கு முன்னால். அப்பா போன பிறகு அவள் இந்தக் கதவைத் தாண்டியது அதுதான் முதல்முறை.

"பத்துச் சீட்டு குடுக்கா."

"எதுக்கு? வேவு பாக்க வந்தியா?"

"சீட்டு வாங்க வந்தேன். காசு குடுக்கறேன் இல்ல?" வெர்னா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்புச் சாயம் பூசிய நீள நகம். அறுபதை நெருங்கியும் அந்த நகத்துக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். "காசிமிரா! அம்மாவுக்குக் கல்யாணம் நடந்த கோவில்" என்றாள். அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வெளியூர்க்காரிக்குத்தான் தோன்றியது. வியாழக்கிழமை மாநிலத்திலிருந்து கிரைடர் என்று ஒரு பெண் அதிகாரி சோதனைக்கு வந்தாள். மரியாதையான பெண். சீட்டைப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள்.

"இந்தக் கோவில் எங்கம்மா இருக்கு?"

"மேல்தெருவுல. மஞ்சக் கல்லு, ரெண்டு கோபுரம்."

"பார்த்துட்டுத்தான் வர்றேன். பூட்டு தொங்குது."

"ஆமா, பூட்டித்தான் இருக்கு" என்றான் ஸ்டஷ் மூலையிலிருந்து. "அதுக்காக?"

"மூடின கோவில் பேர்ல எப்படிப் பணம் வசூலிச்சீங்க?"

"யாரு மூடினா? நாங்க மூடலயே" என்றான் ஸ்டஷ். கடையிலிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. கிரைடர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், யாராவது சிரிப்பார்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை.

அவள் பேனாவை மூடினாள். "நீங்க ஏமாத்தலன்னு தெரியுதும்மா. ஆனா விதி விதிதான். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள, உண்மையில இருக்கிற ஒரு அமைப்பு, இந்தப் பணத்த நாங்க ஏத்துக்கறோம்னு கடுதாசி குடுக்கணும். அந்த விவரத்தக் கடையில எழுதி ஒட்டணும். இல்லேன்னா எல்லாருக்கும் காசத் திருப்பிக் குடுத்துட்டு உரிமத்தச் சுவத்துலருந்து இறக்கிடுங்க. நான் ஞாயித்துக்கிழமை நேர்ல வருவேன்."

அவள் போனதும் ரெஜீனா ஃபாதர் டோனலியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "நான் ஏத்துக்கலாம், ஆனா மேற்றிராணியார் அலுவலகம் சம்மதிக்க மூணு வாரமாகுமேம்மா" என்றார். பழைய ராணுவக்காரர் சங்கம் ஆளில்லாமல் போன வருஷம் கலைந்துபோனது. மலைப்பக்கத்து ஊரில் வேறு என்ன இருக்கிறது?

ஸ்டஷ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"வாயத் திறக்காத" என்றாள் ரெஜீனா.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அவகிட்டப் போறதுக்குப் பதிலா நான் உரிமத்தக் கிழிச்சு அடுப்புல போடுவேன்."

"போடு. அவளும் ஜன்னல் வழியாப் பாத்துக்குவா."

அந்த ஒரு சொல் போதும். வெள்ளிக்கிழமை காலை ரெஜீனா கோவிலுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினாள். ஹோசி பார் கதவில் மணியை அழுத்தினாள். வெர்னா நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தலையில் கர்ச்சீப்பு. ரெஜீனா மனதில் வைத்திருந்த ஹோசி பார் வேறு. சரவிளக்கும் கொண்டாட்டமுமாக இருக்கும். இது சிமென்டுச் சுவர். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. குழல் விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ரெஜீனா நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். தொண்டையில் முள் மாட்டினவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் போட்டாள். வெர்னா தரை துடைக்கிற கட்டையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஊர்ல ஒருத்தருக்கும் தோணலியேக்கா! எனக்கே தோணலியே!"

"சிரி. சிரிச்சு முடி. கடுதாசி குடுப்பியா, மாட்டியா?"

"நான் சங்கத்துச் செயலாளர். குடுக்கலாம். அந்த வண்டிக்குக் குழாய் வாங்கணும், காசு வேணும்தான்." வெர்னா சிரிப்பை நிறுத்தினாள். "எங்கிட்டக் கேக்கறதுக்கு இவ்வளவு கஷ்டமாக்கா உனக்கு?"

"உனக்கு என்னடி தெரியும்? நீ எப்பவும் கவுன்ட்டர்மேல உக்காந்தவ. ஊரே உன் பின்னால வருது. எனக்குச் செத்த பீரத்தான் மிச்சம் வெச்சுட்டுப் போறானுங்க."

"உனக்கு அப்பா கடைய எழுதி வச்சாரு."

"என்னத் தொட்டியில தள்ளினாரு. அதோட சேத்து கடையும் வந்துது."

"வந்துது இல்ல? உன் பேருல வந்துது." வெர்னாவின் குரல் மாறிவிட்டது. இந்தக் குரலை ரெஜீனா கேட்டதில்லை. "நான் இங்க சம்பளக்காரிக்கா. நாளைக்குக் கூட்டத்துல நாலு பேரு கை தூக்கினா வீட்டுக்குப் போவணும். கதவு திறக்கும்போதெல்லாம் எதிர்ல அப்பா பேரு விளக்குப் போட்டு எரியும். இருபத்தஞ்சு வருஷமா அதப் பாத்துக்கிட்டுத்தான் சிரிக்கறேன். நீ ஜன்னல்ல நிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எனக்கு நிக்கிறதுக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது."

ரெஜீனாவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப்பார்த்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். பொறாமைப்பட்டவளுக்குத் தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்று தெரிந்தால் அது தேன்தான்.

"அப்புறம் ஏன் புதன்கிழமை சீட்டு வாங்க வந்த?" என்றாள்.

"இங்க விக்கிறவ வாங்கக்கூடாதுன்னு வச்சிருக்கானுங்க. இத்தன வருஷம் ஊருக்கே வித்தேன், ஒண்ணு பிரிச்சுப் பாத்ததில்ல. உனக்கு உரிமம் வந்ததும்தான் எனக்கு ஆட ஒரு இடம் கிடைச்சுது." வெர்னா கர்ச்சீப்பை அவிழ்த்தாள். "உக்காரு, கடுதாசி எழுதறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோகஸ்ட் ரன் முழுக்க ஜர்கோனிஸ் பாரில் நின்றது. தீயணைப்புச் சங்கத்துப் பேரில் குலுக்கல் என்றதும் ஹோசி ஆட்கள் வராமல் இருக்கமுடியுமா? அடை வாசனையும் ஈரக் கோட்டு வாசனையும் கலந்து அடித்தது. ரெஜீனா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஹோசி வாசலில் ஒரு கார் இல்லை. ஒன்றுகூட. அவள் நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால் திரும்பிப் பார்த்தால், கூட்டம் கடையில் பரவி நிற்கவில்லை. நடு நாற்காலியைச் சுற்றி ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்தது. நடு நாற்காலியில் வெர்னா. ரெஜீனாவின் கடையில், அவள் அடையைத் தின்றுகொண்டு, அவள் பீரைக் குடித்துக்கொண்டு, எல்லோரும் வெர்னாவைப் பார்த்துச் சிரித்தார்கள். ரெஜீனாவின் வயிறு பழைய இடத்திலேயே எரிந்தது.

கிரைடர் கடுதாசியைப் படித்தாள், சுவரில் ஒட்டியிருந்த விவரத்தைப் படித்தாள், "சரி, நடத்துங்க" என்று ஒரு ஓரமாக நின்றுகொண்டாள். ரெஜீனா சீட்டு டப்பாவைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்ததுதான் தாமதம்.

"வெர்னா எடுக்கட்டும்!" என்று ஒருவன் கத்தினான். "வெர்னா கை ராசியான கை!"

"வெர்னா! வெர்னா!"

ரெஜீனா டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். இவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்களின் பிள்ளைகள். கை ராசி என்ற பேச்சு அப்பனிடமிருந்து பிள்ளைக்குச் சொத்து மாதிரி வந்திருக்கிறது. தொட்டிக்குப் போனவளைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

வெர்னா எழுந்து நின்றாள். "நான் எப்படிடா எடுக்கறது? நான் சீட்டு வாங்கியிருக்கேன். நான் எடுத்து எனக்கே விழுந்தா, அதோ நிக்கிறாங்களே அந்தம்மா, என்னைப் பன்னியோட சேத்துக் குளிர்பெட்டியில போட்டுடுவாங்க." சிரித்தார்கள். "சீட்டு வாங்காத ஆளுதான் எடுக்கணும். இந்தக் கடையில இன்னிக்குச் சீட்டு வாங்காதது ஒரே ஆளு. அவளுக்கு வாங்க அனுமதியே இல்ல. எடுக்கா."

எல்லாக் கண்ணும் ரெஜீனா பக்கம் திரும்பியது. அவளுக்கு அப்படி ஒரு அனுபவம் பழக்கமில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டாள். தேய்ந்த விரலில் சீட்டு வழுக்கி வழுக்கிப் போனது. ஒருவழியாக ஒன்று வந்தது.

"ஃபாதர் டோனலி" என்று படித்தாள்.

தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. கறியைக் குறைக்கவேண்டிய காலத்தில் சாமியாருக்கு அரைப் பன்றி. கட்டடம் அதிர்ந்தது. ஃபாதர் சிவந்துபோய், "ஈஸ்டர் வரைக்கும் குளிர்பெட்டிய இங்கயே வச்சிருங்கம்மா" என்றார். கிரைடர்கூடச் சிரித்துவிட்டாள். "ரெஜீனா கையப் பாரு, நேரா சொர்க்கத்துக்கே அனுப்பிட்டா" என்று எவனோ சொன்னான். அதையும் மேற்கொண்டு நாலு பேர் சொன்னார்கள். ரெஜீனாவுக்குக் காது சூடாகியது. சிரிப்பு அவளைச் சுற்றி நின்றது, கொஞ்ச நேரம்.

ஐந்து மணிக்கு வெர்னா கோட்டை மாட்டினாள். "நான் போய்க் கதவத் திறக்கணும்" என்றாள். தன் கிளாஸை எடுத்து அட்டையால் மூடினாள். அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? ஒருவர் பின் ஒருவராக, "கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன் ரெஜீனா," "எடுத்துடாத ரெஜீனா." ஐந்தே முக்காலுக்குக் கடையில் ஸ்டஷும், ஒரு குளிர்பெட்டியும், கவுன்ட்டர் முனையிலிருந்து முனைவரை அட்டை மூடிய கிளாஸ்களும்தான். அப்பா காலத்திலிருந்து இத்தனை கிளாஸ்களை அவள் ஒரே நாளில் பார்த்ததில்லை.

ஸ்டஷ் சொன்னான்: "இன்னிக்குத் திரும்பி வருவானுங்க. அடை மிச்சம் இருக்கு."

"வரமாட்டானுங்க."

"உரிமம் பொழச்சுதில்ல? கடை நிறைஞ்சுதில்ல? இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

ரெஜீனா ஜன்னலோரம் போய் நின்றாள். எதிரே கார்கள் பழையபடி முளைத்திருந்தன. கதவு திறந்தது, சிரிப்பு வந்தது, கதவு மூடியது. ஜன்னல் இல்லாத அந்தச் சிமென்டுச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

திரும்பி வந்தாள். சுத்தமான கிளாஸ் ஒன்றை எடுத்துத் தனக்கு ஒரு பீர் ஊற்றினாள். வாடிக்கையாளர் எதிரே அவள் குடித்து ஸ்டஷ் பார்த்ததில்லை. நின்றபடியே இரண்டு வாய் குடித்தாள். ஒரு அட்டையை எடுத்து அதன்மேல் மூடி, வரிசையின் கடைசியில் வைத்தாள்.

"என் கிளாஸை எவனாவது தொட்டான்னா கையை ஒடிச்சுடு."

"எங்க போற?"

அவள் கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. தெருவைத் தாண்டினாள்.

ஹோசிக்குள் நுழைந்து நேராகக் கவுன்ட்டருக்குப் போனாள். வெர்னா கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ உறுப்பினர் இல்லியே. யாராவது கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடலாம். விதி."

"யாரு போடறது?"

"யாரு போடுவா, நான்தான் போடணும்." வெர்னா கையெழுத்துப் போட்டாள். "என்ன வேணும்?"

"ஒரு சீட்டு."

வெர்னா கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ரெஜீனா அதைப் பிரிக்கப் பார்த்தாள். ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரம் அவள் விரலுக்கு அகப்படவே இல்லை. இந்த முனையில் பார்த்தாள், அந்த முனையில் பார்த்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது. கடைசியில் வெர்னா அதை அவள் கையிலிருந்து வாங்கினாள். சிவப்பு நகத்தை ஓரத்தில் கொடுத்து ஒரே இழுப்பில் பிரித்தாள். அந்த நகத்தைப் பார்க்க ரெஜீனாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"என்னடி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"பொய் சொல்லாத. காட்டு."

வெர்னா காட்டினாள். ஒன்றுமில்லைதான்.

ரெஜீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொண்ணு எடு" என்றாள். "நீயே பிரி."